பதினோரு மாதம்

குர்லா கிழக்கு, நேரு நகர், மூன்றாம் மாடி.
ராத்திரி ஒன்றேகால்.
டீ டம்ளர் வைத்து எடுத்த ஈர வட்டத்தில்
ஏதோ அசைந்தது. தூசி என்று ஊதினேன்.
தூசி நாலாபக்கமும் ஓடிவிட்டு
திரும்பி வந்து குடித்தது.

போர்வைக்குள்ளிருந்து பெனிட்டா:
"பிள்ளையார் எறும்புடி. கடிக்காது. படு."
பிள்ளையார் எறும்பு முழுக் கறுப்பு.
இதில் பாதி உடம்பைக் காணோம்.
வெள்ளை டைல்ஸ் மேல்
தலைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

பாந்த்ராவில் பகலெல்லாம் இதுதான் என் பிழைப்பு.
பத்து மடங்கு லென்ஸை இமையோடு ஒட்டி
வைரத்துக்குள் எந்த மூலையில் கரும்புள்ளி,
எதில் மேகம், எதில் இறகு என்று
எழுதி எழுதி உறையில் போடுவது.
எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
என் மேசைக்கு வருகிற கல்லில் ஊர்ந்தால்
எறும்புதான் தேயும்.

பழைய லென்ஸ் ஒன்று கைப்பையில் கிடந்தது.
செல்லோ டேப்பால் ஒன்றை ஒற்றி எடுத்தேன்.
தலையும் மார்பும் வறுத்த காப்பிக்கொட்டை.
வயிறும் காலும் வடித்த கஞ்சி.
இடுப்பில் கணு ஒன்றே ஒன்று,
அதுவும் வயிற்றின் அடியில் பதுங்கியிருக்கிறது.
(எதிர் வீட்டுத் தாவ்டே அக்காவின் சர்க்கரை டப்பாவில்
தலை முதல் கால் வரை மஞ்சளாய் ஒன்று உண்டு.
அதற்குக் கணு இரண்டு. அது வேறு குடும்பம்.)
நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்.
டேப்பை மடித்தபோது நசுங்கிப் போயிற்று.
விரலை மோந்தேன்:
சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய்.

"பேய் எறும்பு" என்றேன்.
"பிள்ளையார் பிடிக்கப் பேயா முடிஞ்சுதாக்கும்"
என்று புரண்டு படுத்தாள்.
காலை ஆறு மணிக்கு அவளுக்கு ஐ.சி.யூ. டியூட்டி.

விக்ரோலி வீட்டிலும் இவை இருந்தன.
அப்போது ஸ்பிரே அடித்தோம்.
மூன்று நாள் எங்களுக்குத்தான் தலைவலி.
ஒரு வரிசை நான்கு வரிசை ஆயிற்று.
இவற்றுக்கு ராணி ஒருத்தி இல்லையாம், பலர்.
மிரட்டினால் ஆளுக்குக் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு
முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு
சிறகும் கல்யாணமும் இல்லாமல்
நடந்தே அடுத்த ஓட்டைக்குப் போய்விடுவார்கள்.
டெபாசிட் கிடையாது.
புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ் சிரப் ஒரு சொட்டு விட்டேன்.
குடிக்கக் குடிக்க வயிறு சிவந்தது,
கண்ணாடி வயிறு, எதையும் மறைக்கத் தெரியாது.
ரோஜா நிறப் புள்ளிகள் வரிசை விட்டு விலகி,
வழி மறந்து, ஒன்றை ஒன்று தொட்டுக் கேட்டு,
ஸ்விட்ச் போர்டைத் தாண்டி,
கேஸ் ரசீது தொங்கும் ஆணியைத் தாண்டி,
அலமாரியின் மேல்தட்டில்
பிளாஸ்டிக் உறைக்குள் நுழைந்தன.

வாடகை ஒப்பந்தம்.
முப்பதாம் தேதி முடிகிறது.
இரண்டாயிரம் கூட்டினால் இருக்கலாம் என்று
கர்சன்பாய் நேற்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் பக்கத்தை விரித்தேன்.
"உடன் தங்குவோர்: ஒருவர்" என்ற வரியின் மேல்
வெள்ளை வெள்ளையாய் முட்டைகள்.
கசகசாவை விடச் சின்னவை.
நடுவே கொஞ்சம் பெரிதாய் மூன்று பேர்,
வயிறு மட்டும் வீங்கி,
எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள்.
வேலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.
ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டு
ஸ்டாம்பு ஒட்டிய ஓரமாய் இறங்கினார்கள்.
ஃபேனை அணைத்தேன்.
இரண்டு நிமிடம் இருக்கும்.
பக்கத்தில் எழுத்து மட்டும் மிஞ்சியது.

பத்து ரூபாய்க்கு வாங்கிய போரிக் பவுடர்
சர்க்கரைப் பாகில் கலந்து தயாராய் இருந்தது.
மெதுவாய்க் கொல்லும், ராணி வரை போகும்.
மூடியைத் திறந்து, மூடி,
மறுபடி திறந்தேன்.

சாயங்காலம் பெனிட்டா மளிகைக் கடையிலிருந்து
காலி அட்டைப் பெட்டிகளோடு வந்தாள்.
"முலுண்டுல ஒரு ரூம் சொல்றாங்க.
நாளைக்குப் பாக்கணும். ஒம்பது பெட்டி போதுமா?"

பிஸ்கட் பெட்டி ஒன்றின் மடிப்பிலிருந்து
ஒரு தலை எட்டிப் பார்த்தது.
வயிறு எந்த நிறமும் இல்லாமல் இருந்தது.
வேறு யாரோ.